கணிப்பொறி என்னும் மேலாளர்



ஜொகூர் மாநிலத்தில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே, இரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லாயாங் லாயாங். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் காற்றாடி என்று பொருள். சிறிய ஊர், சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அங்கே ஒரு நண்பர் வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். அன்று கண்ட ஒரு சிறு காட்சிதான் இன்றைய உரைக்கு வித்து.

கூடத்தில் நண்பரின் மகன் கணிப்பொறியின் முன் அமர்ந்து பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தான். பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறவன். ஆகவே அதற்கு அண்ணன் முறையான பேஸ்பால் மீதும் அவனுக்கு ஆசை. ஓர் அணிக்கு அவன் மேலாளர். எதிரணிக்குக் கணிப்பொறியே மேலாளர். எதிரணி ஐந்து ஓட்டம் முன்னே நிற்கிறது. கடைசி இன்னிங்ஸ். இன்னும் ஒரே ஒருவர் ஆட்டமிழந்தால் ஆட்டம் முடிந்தது. எதிரணியின் பந்தெறிபவர் அதுவரை பையனின் ஆட்களுக்கு ஓர் அடிகூடக் கொடுக்கவில்லை. அப்படி எறிவது ஓர் எறிபவருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைத்தாலே பெரிய பேறு. அந்த நேரம் பார்த்துக் கணிப்பொறி அவரை வெளியே அழைத்துக்கொண்டு வேறொருவரை அனுப்பியது.

பையன் சிரித்துவிட்டான். "எந்த ஊர் மானேஜர் தாத்தா இப்படிச் செய்வாரு? இதுகூட ஆடி ஜெயிச்சாலும் ருசி இல்ல" என்றான்.

அருகில் நாற்காலியில் இருந்த தாத்தா, தோட்டத்தில் நெடுங்காலம் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன நடந்தது என்று கேட்டார். நூறு பந்து எறிந்ததும் ஆளை மாற்று என்று யாரோ எழுதி வைத்திருப்பார்கள், அதன்படி மாற்றிவிட்டது என்று பேரன் விளக்கினான். தாத்தா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்படின்னா இது கிராணி பேர்ப் புத்தகத்தைப் பாத்துப் பெரட்டுல ஆள் போட்ட கதைதான்."

இளைய நேயர்களுக்காகப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுவோம். விடியுமுன் தோட்டத் தொழிலாளர்களை ஓரிடத்தில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கிராணியின் கையில் புத்தகம் இருக்கும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மண்டோரிடம் புத்தகம் இல்லை. ஆனால் இன்னாருடைய பிள்ளைக்கு இரவெல்லாம் காய்ச்சல், அவர் தூங்கவில்லை என்பதும், இன்னாருக்குக் கையில் வெட்டுக்காயம் என்பதும், நேற்றைய மழையில் மேட்டுப்பக்கம் வழுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். நல்ல பெரட்டுக்கு இரண்டு அறிவும் வேண்டும்.

புத்தகத்தை மட்டும் அறிந்த ஒரு மேலாளர் எப்படி முடிவெடுக்கிறார்? அவர் எங்கெங்கே தவறுகிறார்? தவறு என்று நாம் நினைக்கும் இடங்கள் எல்லாமே தவறுதானா? இந்த மூன்று கேள்விகளைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில் பேஸ்பாலைப் பற்றிச் சில சொற்கள். கிரிக்கெட் அறிந்தவர்களுக்கு இது கடினமல்ல. ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வோர் இன்னிங்ஸிலும் ஓர் அணியில் மூவர் ஆட்டமிழந்தால் மற்ற அணி ஆட வரும். அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு, முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம்.

கிரிக்கெட்டில் பெரும்பாலான முடிவுகளை எடுப்பவர் களத்தில் நிற்கும் அணித்தலைவர். பேஸ்பாலில் அந்த வேலை மேலாளருடையது. அவர் ஆடுவதில்லை, களத்தின் ஓரத்தில் இருக்கிறார். யார் எந்த வரிசையில் ஆட வேண்டும், எறிபவரை எப்போது மாற்ற வேண்டும், யாருக்குப் பதிலாக யாரை அனுப்ப வேண்டும், தளத்தில் நிற்பவர் அடுத்த தளத்தைத் திருடி ஓடலாமா என்பனவெல்லாம் அவர் சொல்வதன்படி நடக்கும். ஒருமுறை வெளியே அழைக்கப்பட்ட ஆட்டக்காரர் அந்த ஆட்டத்தில் மீண்டும் உள்ளே வர முடியாது. அதனால் ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத செலவு. அமெரிக்காவின் பெரிய லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. இன்றைய ஆட்டத்துக்காக எல்லாரையும் களைக்க வைத்துவிட்டால் நாளைய ஆட்டத்துக்கு ஆள் இராது.

இந்த விளையாட்டில் ஒவ்வொரு பந்துக்கும் கணக்கு உண்டு. நூறாண்டுக்கும் மேலான கணக்குகள் அச்சில் இருக்கின்றன. ஆகவே அதைத் தாளிலும் கணிப்பொறியிலும் ஆட வைக்கும் ஆசை பலருக்கு எழுந்தது. 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்னும் ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவருடைய உண்மையான கணக்குக்கு ஏற்ப எண்கள். தாயக்கட்டை போன்ற பகடையை உருட்டி முடிவைப் பார்ப்பார்கள். அதே 1961இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் பர்ஜசன், ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறிக்கு ஒரு பேஸ்பால் ஆட்டம் எழுதினார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதோடு மனிதர் வேலை முடிந்தது. மீதியைக் கணிப்பொறி ஆடித் தாளில் அடித்துத் தந்தது. 1971இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் டான் டாக்லோ என்னும் மாணவர், பி.டி.பி.-10 கணிப்பொறியில் இன்னும் ஒரு படி போனார். ஆட்டம் நடக்கும்போதே மனிதர் மேலாளராக இருந்து கட்டளை கொடுக்கலாம் என்று அமைத்தார். அப்படி வந்தபின் எதிரணிக்கும் ஒரு மேலாளர் தேவைப்பட்டார். கணிப்பொறி மேலாளர் பிறந்த கதை இதுதான்.

நேயர்களே, இத்தகைய ஆட்டத்துக்குள் இரண்டு இலாகாக்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பகடை இலாகா. இன்ன அடிப்பவர் இன்ன எறிபவரைச் சந்தித்தால் நூற்றுக்கு எத்தனை முறை அடி விழும் என்று கணக்கிட்டு, குருட்டாம்போக்கில் ஓர் எண்ணை எடுத்து, முடிவைச் சொல்வது அதன் வேலை. இந்த இலாகாவை நன்றாக அமைப்பது ஓரளவு எளிது. ஆயிரம் ஆட்டம் ஓட்டிப் பார்த்தால் உண்மைக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும், போகாவிட்டால் திருத்தலாம்.

மற்றொன்று மேலாளர் இலாகா. யாரை அனுப்புவது, எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வது இதன் வேலை. இதை அமைப்பது கடினம். ஏனென்றால் மேலாளர் முடிவுகள் பெரும்பாலும் "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்னும் விதிகளாகவே எழுதப்படுகின்றன. எழுதுகிறவர் நினைத்துப் பார்த்த நிலைமைகளுக்கெல்லாம் விதி இருக்கும். நினைத்துப் பாராத நிலைமை வந்தால், பொருந்தாத பழைய விதியே அங்கும் வேலை செய்யும். லாயாங் லாயாங்கில் நாம் பார்த்தது அதுதான். நூறு பந்துக்கு மேல் எறிந்தால் களைப்பு, களைத்தவரை மாற்று என்பது நல்ல விதிதான். ஐந்து ஓட்டம் முன்னே இருக்கும்போது, ஓர் அடிகூடக் கொடுக்காதவர், இன்னும் ஒரே ஆளை வீழ்த்த வேண்டிய நேரத்தில் அதைத் தளர்த்தலாம் என்று எழுத மறந்துவிட்டார்கள். அல்லது அப்படி ஒரு நேரம் வரும் என்றே நினைக்கவில்லை.

இனி, கணிப்பொறி மேலாளர் வழக்கமாகத் தவறும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, சிறிய கணக்கைப் பெரிய கணக்காக நம்புவது. கிரிக்கெட்டிலிருந்தே உதாரணம் சொல்லலாம். டெஸ்ட் ஆட்டங்களில் டான் பிராட்மனின் சராசரி 99.94 என்பது பலருக்கும் தெரியும். ஆனால் டிரினிடாட்டைச் சேர்ந்த ஆண்டி கேன்டோமின் டெஸ்ட் சராசரி 112. எப்படி? 1948இல் அவர் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஒரே ஓர் இன்னிங்ஸில் 112 ஓட்டம் எடுத்தார். பிறகு அவருக்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. சராசரியை மட்டும் பார்க்கும் கணிப்பொறி, பிராட்மனைக் கீழே இறக்கிவிட்டுக் கேன்டோமை மேலே ஏற்றும். பேஸ்பாலிலும் இப்படி ஒருவர் உண்டு. 1963இல் ஜான் பசியோரெக் என்னும் இளைஞர் பெரிய லீக்கில் ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். கணக்கில் சேரும் மூன்று முயற்சியிலும் மூன்று அடி. நூற்றுக்கு நூறு. அவரைப் பருவம் முழுவதும் 162 ஆட்டத்திலும் இறக்கினால் அது வேடிக்கையாகத்தான் முடியும். எத்தனை முறை முயன்று எடுத்த எண் இது என்று கேட்கக் கணிப்பொறிக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நாளை என்பது இல்லாமல் ஆடுவது. பல பழைய ஆட்டங்களில் கணிப்பொறி ஒவ்வோர் ஆட்டத்தையும் தனியாகவே பார்த்தது. இன்று வெல்ல வேண்டுமா, சிறந்த எறிபவரை அனுப்பு. நேற்றும் அவரைத்தான் அனுப்பியிருந்தாலும் கவலையில்லை. இன்னொரு பக்கம், ஆட்டத்தின் நடுவிலேயே மாற்று ஆட்களை எல்லாம் செலவழித்துவிட்டு, பிறகு ஒருவருக்குக் காயம் என்றால் பொருத்தமில்லாத ஆளை அந்த இடத்தில் நிறுத்தித் திண்டாடும். மாதக் கடைசிக்கு அரிசி இருக்கிறதா என்று பாராமல் முதல் வாரமே விருந்து வைப்பது போன்றது இது.

மூன்றாவது, வியாபாரத்தில் ஏமாறுவது. அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வதும் ஆட்டத்தில் ஒரு பகுதி. கணிப்பொறி ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு மதிப்பெண் வைத்திருக்கும். அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை அதிகமானால் சம்மதம் என்று சொல்லிவிடும். ஆகவே மூன்று நான்கு சாதாரண ஆட்டக்காரர்களைக் கொடுத்து மிகச்சிறந்த ஒருவரை வாங்கிவிடலாம். பத்துச் சுமாரான டுரியான் சேர்ந்தாலும் ஒரு நல்ல டுரியான் ஆகாது என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குத் தெரியும். களத்தில் நிற்க இடம் ஒன்பதுதான். ஓர் இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதைக் கூட்டல் கணக்கு காணாது.

இதோடு சேர்ந்தது நான்காவது குறை: பட்டும் அறியாமை. ஒரு மனித மேலாளரை ஒருமுறை ஏமாற்றலாம், இரண்டுமுறை ஏமாற்றலாம். பிறகு அவர் விழித்துக்கொள்வார். விதிகளால் மட்டும் கட்டப்பட்ட மேலாளர் நூறாவது தடவையும் அதே இடத்தில் விழும். அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு ஆடுகிறவருக்கு அலுப்பு வந்துவிடுகிறது. அந்தப் பையன் "ருசி இல்ல" என்று சொன்னதன் பொருள் இதுதான்.

ஐந்தாவது குறைதான் நமக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றுகிறது. அது காலத்தை மறப்பது. இந்த ஆட்டங்களில் பழைய பருவங்களை மீண்டும் ஆடிப் பார்க்கலாம். 1904ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு நியூயார்க் அணியின் எறிபவர் ஜாக் செஸ்ப்ரோ 51 ஆட்டங்களைத் தொடங்கிவைத்தார். அவற்றில் 48 ஆட்டங்களைத் தாமே கடைசிவரை எறிந்து முடித்தார். அந்தப் பருவத்தில் 41 வெற்றி பெற்றார். அக்காலத்தில் ஓர் எறிபவர் தொடங்கினால் அவரே முடிப்பது வழக்கம். இன்றோ, 2024ஆம் ஆண்டில் 30 அணிகளும் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியும், ஓர் எறிபவர் தொடங்கித் தாமே முடித்த நிகழ்ச்சிகள் முப்பதை எட்டவில்லை. இன்றைய பழக்கத்தை மனத்தில் வைத்து எழுதிய மேலாளர் விதியை 1904க்குப் பொருத்தினால், கணிப்பொறி செஸ்ப்ரோவை ஆறாவது இன்னிங்ஸிலேயே வெளியே அழைத்துவிடும். அவருக்குப் பின் வருவதற்கு அந்த அணியில் ஆளும் இராது. விதி எழுதியவர் தம் காலத்து வழக்கத்தை என்றைக்கும் உள்ள உண்மை என்று நினைத்துவிட்டார். தவறு கணிப்பொறியினுடையதா, எழுதியவருடையதா?

இந்தக் குறைகளைப் போக்க ஒரு நல்ல முயற்சி 1987இல் நடந்தது. டான் டாக்லோவும் எடி டாம்பிரோவரும் சேர்ந்து ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதை ஏர்ல் வீவர் பேஸ்பால் என்னும் பெயரில் வெளியிட்டது. வீவர் கற்பனைப் பாத்திரம் அல்ல. பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் மேலாளராக இருந்து 1970இல் உலகத் தொடரை வென்றவர். அவரிடம் நெடுநேரம் பேசி, இந்த நிலைமையில் என்ன செய்வீர்கள், ஏன் செய்வீர்கள் என்று கேட்டுக் கேட்டு, அவருடைய சிந்தனையை விதிகளாக மாற்றினார்கள்.

வீவரைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம். தம் அடிப்பவர்கள் ஒவ்வோர் எறிபவரையும் எப்படிச் சந்தித்திருக்கிறார்கள் என்னும் கணக்கை அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர் அவர். தாத்தாவின் மொழியில் சொன்னால், கிராணியின் புத்தகமும் மண்டோரின் கண்ணும் ஒருவரிடமே இருந்தன.

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். கணிப்பொறி தவறுகிறது என்று நாம் சொல்லும் இடங்களிலெல்லாம் அது உண்மையிலேயே தவறுகிறதா?

பேஸ்பாலில் தியாக அடி என்று ஒன்று உண்டு. முதல் தளத்தில் ஒருவர் நிற்கிறார், யாரும் ஆட்டமிழக்கவில்லை. அடுத்து வரும் அடிப்பவர் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டிவைத்துத் தாம் ஆட்டமிழப்பார். அதற்குள் முன்னவர் இரண்டாம் தளத்துக்குப் போய்விடுவார். தன்னைக் கொடுத்து மற்றவரை உயர்த்துவதால் இதற்கு அந்தப் பெயர். தலைமுறை தலைமுறையாக மேலாளர்கள் இதை நல்ல ஆட்டம் என்று போற்றினார்கள்.

கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் லிண்ட்சே என்னும் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் கணக்கை வைத்து 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு நிலைமையிலும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ஓட்டம் வரும் என்று அதில் பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் பெரிய அளவில் கணக்கெடுத்தார்கள். முதல் தளத்தில் ஒருவர், யாரும் ஆட்டமிழக்கவில்லை என்னும் நிலைமை நூறு முறை வந்தால், ஏறத்தாழ 90 ஓட்டம் கிடைக்கும். இரண்டாம் தளத்தில் ஒருவர், ஒருவர் ஆட்டமிழந்துவிட்டார் என்னும் நிலைமை நூறு முறை வந்தால், ஏறத்தாழ 70 ஓட்டம்தான். அதாவது தியாகம் வெற்றிகரமாக நடந்தபிறகும் அணிக்கு நஷ்டம். ஒரே ஓர் ஓட்டம் போதும் என்னும் கடைசி நேரத்தில் அதற்குப் பயன் உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலும் வீண். வீவர் கூட அந்தத் தியாக அடியை விரும்பாதவர்தான்.

இப்போது ஒரு சிக்கல். கணிப்பொறி மேலாளர் தியாக அடியே ஆடாவிட்டால், பழைய ஆட்டங்களைப் பார்த்தவர், இது உண்மையாக இல்லை, எந்த மேலாளரும் இப்படி ஆடமாட்டார் என்கிறார். அடிக்கடி ஆடினால், கணக்குத் தெரிந்தவர், இது முட்டாள்தனம் என்கிறார். "உண்மை போல் இருக்க வேண்டும்" என்னும் சொல்லுக்கே இரண்டு பொருள் இருக்கிறது. மனிதர் செய்வதைப் போலச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. செய்யத் தக்கதைச் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. கணிப்பொறியைக் குறை சொல்லுமுன் எந்தப் பொருளில் குறை சொல்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மனித மேலாளரே கணிப்பொறி போல் முடிவெடுத்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லுவோம். 2020 அக்டோபர் 27. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்கும் போட்டி. டாம்பா பே ஒன்றுக்குச் சுழி என்று முன்னே நிற்கிறது. தோற்றால் தொடரே போய்விடும். அதன் எறிபவர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் எறிந்திருந்தார். இரண்டே அடி கொடுத்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றியிருந்தார். ஆறாவது இன்னிங்ஸில் அந்த இரண்டாவது அடி விழுந்ததும் மேலாளர் கெவின் கேஷ் அவரை மாற்றிவிட்டார். அடுத்து வரவேண்டிய மூவரையும் ஸ்னெல் அன்று தலா இரண்டு முறை அப்படியே வெளியேற்றியிருந்தார். ஆனால் ஓர் எறிபவரை மூன்றாம் முறை சந்திக்கும்போது அடிப்பவர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது நீண்டநாள் கணக்கு. அந்த மூன்றாம் சந்திப்பைத் தவிர்க்கவே மாற்றியதாகக் கேஷ் பின்னர் விளக்கினார். புதிதாக வந்தவரிடம் டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸிலேயே இரண்டு ஓட்டம் எடுத்தது. மூன்றுக்கு ஒன்று என்று ஆட்டத்தையும், அதோடு தொடரையும் வென்றது.

கேஷ் செய்தது தவறா? அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம். நல்ல முடிவுக்கும் கெட்ட பலன் வரலாம். கெட்ட முடிவுக்கும் நல்ல பலன் வரலாம். பகடை இலாகா வேறு, மேலாளர் இலாகா வேறு. பலனை மட்டும் பார்த்து முடிவை எடைபோடுவது நாம் எல்லாரும் செய்யும் பிழை. ஆனாலும் ஒன்று கேட்கலாம். நீண்டநாள் கணக்கு எல்லா எறிபவர்களையும் பற்றியது. அன்று களத்தில் நின்றவர் ஒரே ஒருவர். அவர் கை அன்று எப்படி இருந்தது என்பதற்கு உரிய எடையைக் கொடுத்தார்களா?

இதற்கு எதிரான உதாரணம் 2011 ஏப்ரல் 2ஆம் தேதி மும்பையில் நடந்த உலகக் கிண்ண கிரிக்கெட் இறுதியாட்டம். இலங்கை 274 ஓட்டம் எடுத்திருந்தது. இந்தியா 114 ஓட்டத்துக்கு மூன்று விக்கெட். அடுத்து வரவேண்டியவர் யுவராஜ் சிங். அந்தப் போட்டியில் 362 ஓட்டமும் 15 விக்கெட்டும் எடுத்து, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றவர். ஆனால் உள்ளே வந்தவர் தலைவர் தோனி. அந்தப் போட்டியில் அதுவரை அவர் ஓர் அரைச்சதம்கூட அடிக்கவில்லை. புத்தகத்தைப் பார்க்கும் எந்தக் கணிப்பொறியும் யுவராஜைத்தான் அனுப்பியிருக்கும். தோனியின் கணக்கு வேறு. எதிரே முத்தையா முரளிதரன் எறிகிறார். சென்னை அணியில் சேர்ந்து ஆடியபோது அவருடைய பந்தைப் பலமுறை சந்தித்த பழக்கம் தமக்கு உண்டு. களத்தில் நின்ற கம்பீர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர் ஒருவர் சேர்ந்தால் எறிபவர்களுக்குத் தொல்லை. தோனி 91 ஓட்டம் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், கம்பீர் 97, இந்தியா வென்றது. வலைப்பயிற்சியில் பார்த்த பந்துக்கு எந்த ஏட்டிலும் கணக்கு இல்லை. அது மண்டோரின் அறிவு.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் மலேசியாவின் பயிற்றுநர் கே. ராஜகோபால். முந்திய ஆண்டு சீ விளையாட்டில் தங்கம் வென்ற தம் இளைஞர்கள் பலரை நம்பியே அணியை அமைத்திருந்தார். முதல் ஆட்டம் டிசம்பர் 1ஆம் தேதி, ஜக்கார்த்தாவில். இந்தோனேசியாவிடம் ஒன்றுக்கு ஐந்து என்று தோல்வி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அந்த அணியின் கதை அன்றே முடிந்தது. ராஜகோபால் தம் பிள்ளைகளைக் கைவிடவில்லை. இறுதியில் அதே இந்தோனேசியாவை மீண்டும் சந்தித்தார்கள். டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் மூன்றுக்குச் சுழி என்று வெற்றி. 29ஆம் தேதி ஜக்கார்த்தாவில் ஒன்றுக்கு இரண்டு என்று தோல்வி. மொத்தத்தில் நான்குக்கு இரண்டு. அந்தக் கிண்ணம் முதன்முறையாக மலேசியாவுக்கு வந்தது. ஒரு தோல்வி ஓர் அணியைப் பற்றி எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நேயர்களே, இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டில் கணிப்பொறி தவறினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இன்று கணிப்பொறி விளையாட்டில் மட்டும் மேலாளராக இல்லை. கடன் கேட்டு விண்ணப்பித்தவரின் தகுதியை மதிப்பிடுவதிலும், வேலைக்கு வந்த விண்ணப்பங்களைச் சலிப்பதிலும், சாமான் கொண்டுபோகும் ஓட்டுநருக்கு வழி வகுப்பதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு இனி அதுதான் பெரட்டில் பெயர் கூப்பிடப்போகிறது.

அப்போது இரண்டு விதமாக மனம் போகும். கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுவது ஒன்று. கணிப்பொறிக்கு என்ன தெரியும் என்று உதறித் தள்ளுவது மற்றொன்று. தியாக அடியின் கதை இரண்டாவதைக் கண்டிக்கிறது. கேன்டோம், செஸ்ப்ரோ கதைகள் முதலாவதைக் கண்டிக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நின்று நான்கு கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். இந்த முடிவுக்கு எதைக் கணக்கில் எடுத்தார்கள்? எதை எடுக்காமல் விட்டார்கள்? விதியை எழுதியவர் எந்தக் காலத்தையும் எந்த மனிதரையும் நினைத்து எழுதினார்? தவறு நேர்ந்தால் பதில் சொல்லப்போவது யார்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. 2011இல் தோனி சுழியத்தில் ஆட்டமிழந்திருந்தால் நாடே அவரைக் கேட்டிருக்கும். கேஷைக் கேட்டார்கள், அவரும் காரணம் சொன்னார். மேலாளர் என்ற சொல்லுக்குள் பொறுப்பும் அடங்கியிருக்கிறது. கணிப்பொறி பொறுப்பு ஏற்காது. அதன் பின்னால் நிற்கும் மனிதர்தான் ஏற்க வேண்டும். அவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

லாயாங் லாயாங் வீட்டுக்கே திரும்புவோம். ஆட்டம் முடிந்தபிறகு பேரன் கணிப்பொறியில் எங்கோ தேடி, எறிபவரை எப்போது மாற்றுவது என்னும் விதியைத் தானே திருத்தும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்தான். என்ன எழுதலாம் என்று தாத்தாவைக் கேட்டான். தாத்தா அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல அந்த ஆளு எப்படி எறியிறான்னு எனக்குக் காட்டு. அப்புறம் எழுதலாம்" என்றார்.

நாம் விடைபெற்றுப் புறப்பட்டபோது இருவரும் அந்த வேலையில்தான் இருந்தார்கள்.